கடையில் தர மறுத்த பழைய துணி

என் மகன் பிறந்த சமயத்தில் நடந்தது இது. நாலைந்து வருடம் இருக்கும். சித்திரை மாதம். திருச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அப்போது நாங்கள் திருவெறும்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்தோம். பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் எனக்கு சூப்பர்வைசர் வேலை.

எங்களுடையது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்ட கையோடு, தெரிந்தவர்கள் யாருமில்லாத இந்த ஊருக்கு வந்துவிட்டோம். ஆரம்பத்தில் அது சுதந்திரமாகத்தான் இருந்தது. எந்நேரமும் சினிமாவுக்குப் போகலாம், சமைக்கவில்லையென்றால் பரோட்டா வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆள் பலம் இல்லாமல் இருப்பது என்றால் என்னவென்று, பிள்ளை பிறந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு மாதம் முன்பே என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. டவுனில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். விடிந்து சிறிது நேரத்தில் ஆண் குழந்தை. எடை குறைவு, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். துணியில் சுற்றி ஒரு நிமிடம் காட்டினார்கள். தோல் அவ்வளவு மெல்லிசு. உள்ளே ஓடும் நரம்புகூடத் தெரிந்தது. தொடவே பயமாக இருந்தது.

நர்ஸ் அம்மா கேட்டார்: "பழைய துணி கொண்டாந்திருக்கீங்களா சார்?"

நான் விழித்தேன். பிறப்பதற்கு முன் குழந்தைக்கு எதுவும் வாங்கக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு நாங்கள் ஒரு கைக்குட்டைகூட வாங்கி வைக்கவில்லை. "இதோ போய் நல்லதா புதுசு வாங்கிட்டு வந்துடுறேன் மேடம்" என்றேன்.

"புதுசு வேணாங்க. கஞ்சி மொடமொடப்பு, சாயம், எல்லாம் இருக்கும். இவனுக்கு ஒத்துக்காது. வெளுத்து வெளுத்து நைஞ்சு போன காட்டன் வேட்டி இருக்கும்ல, அதைக் கிழிச்சுக் கொண்டாங்க. யாராவது குழந்தை போட்ட பழைய சட்டை இருந்தாலும் நல்லது. வீட்ல பெரியவங்ககிட்ட சொன்னா எடுத்துக் குடுப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள வந்தா போதும்."

வீட்டில் பெரியவங்க. நான் தலையை மட்டும் ஆட்டினேன். படுக்கையில் என் மனைவி கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி அம்மா, மாமியார், நாத்தனார் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து ஃப்ளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தது. எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலி ஸ்டூல் மட்டும் இருந்தது.

வீட்டுக்குப் போய் பீரோவைக் குடைந்தேன். இருந்ததெல்லாம் ஜீன்ஸ், டி-ஷர்ட், டிராக் பேன்ட், அவளுடைய பாலியஸ்டர் சுடிதார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய ஒரே ஒரு வேட்டி, அதுவும் தகரம் மாதிரி விறைப்பாக இருந்தது. கீழே ஹவுஸ் ஓனர் வீடு பூட்டியிருந்தது, ஊருக்குப் போயிருந்தார்கள். பட்டறையில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் வெளியூர்ப் பையன்கள், ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்கள்.

படியில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் செய்தேன். பேசி ரொம்ப நாளாகியிருந்தது. மணி முழுவதும் அடித்து நின்றது. மறுபடியும் செய்தேன். பாதியிலேயே கட் ஆனது.

அதற்குப் பிறகு என் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஏறி, "ரொம்ப நைஞ்ச மாதிரி, பழசு மாதிரி இருக்கற வேட்டி இருக்கா?" என்று கேட்டேன். சேல்ஸ்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாம் புதுசுதான் சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை.

அப்போதுதான் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் பழைய துணிக் கடைகளைப் பார்த்த ஞாபகம் வந்தது. நேராக வண்டியை அங்கே விட்டேன். தார்ப்பாய் கட்டிய நிழலில் பேன்ட் தனியாக, சட்டை தனியாக, சேலை தனியாகக் குவித்திருந்தார்கள். ஒரு கடையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு சட்டையின் காலரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க தம்பி, பேன்ட்டா, சட்டையா?"

"பழைய காட்டன் வேட்டி வேணுங்க்கா. நல்லா நைஞ்சதா. சின்னக் குழந்தை சட்டையும் இருந்தா பாருங்க."

"குழந்தைக்கு என்ன வயசு?"

"இன்னிக்குக் காலைலதான் பொறந்துச்சு."

அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "இன்னிக்குப் பொறந்த புள்ளைக்கா? இங்க வாங்கக்கூடாது தம்பி. நான் தர மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "காசு தரேங்க, சும்மா கேக்கல" என்றேன், கொஞ்சம் குரலை உயர்த்தியே.

"காசுக்கு இல்ல. இது எந்த வீட்டுத் துணி, யாரு போட்டது, ஒடம்புக்கு முடியாம கெடந்தவங்க போட்டதா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. நீங்க போட்டுக்குங்க, நான் போட்டுக்கறேன், துவைச்சுப் போட்டா ஒண்ணும் ஆகாது. பச்சப் புள்ளைக்கு வேணாம். வீட்ல உங்க அம்மாகிட்ட கேளுங்க, எடுத்துக் குடுப்பாங்க."

காலையிலிருந்து எல்லாரும் அதையே சொல்கிறார்கள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில், அத்தனை பேர் நடக்கும் சந்தில், உடைந்துவிட்டது. "கேக்கறதுக்கு யாரும் இல்லீங்க்கா" என்று சொன்னேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கர்ச்சீப்பைத் தேடினேன். அதையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டிருந்தேன்.

அவர் பக்கத்தில் இருந்த புருஷனைப் பார்த்தார். அந்த அண்ணன் குவியலைத் தள்ளி வைத்துவிட்டு, "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அந்த அக்கா எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு, "வண்டி இருக்கா தம்பி? ஸ்ரீரங்கம்தான், வீடு வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றார்.

அறிமுகமில்லாத ஒரு பெண்ணைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் வண்டி ஓட்டினேன். வழியெல்லாம் கேள்வி. சுகப் பிரசவமா, எத்தனை கிலோ, தாய்க்குப் பால் வந்ததா, லவ் மேரேஜா.

"ஆமாங்க்கா" என்றேன்.

"அதானே பாத்தேன். புள்ளை மொகத்தைப் பாத்தா எல்லாரும் எறங்கி வந்துடுவாங்கன்னு சொல்லுவாங்க. எல்லாரும் வர்றதில்ல தம்பி. வந்தா நல்லது. வரலன்னா அதுக்காக புள்ள வளராமலா போயிடும்?"

அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. ஒரே அறை, சின்னச் சமையற்கட்டு, மொட்டை மாடிக்கு இரும்புப் படி. பரணிலிருந்து ஒரு பையை இறக்கினார். அவர் மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாளாம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. முன்னால் முடிச்சுப் போடும் குட்டிக் குட்டி காட்டன் சட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து நீவினார். "இது பாருங்க, கேப்பைக் கூழை மொத மொதல்ல குடிச்சப்ப துப்புன கறை. எவ்வளவு துவைச்சும் போகல."

ஒரு மஞ்சள் சட்டை வந்ததும் கை நின்றது. அதை மற்றவற்றோடு வைத்தார். திரும்ப எடுத்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "இது மட்டும் இருக்கட்டும் தம்பி" என்று பைக்குள்ளேயே போட்டுவிட்டார். மற்றதையெல்லாம் எனக்கென்று ஒதுக்கினார். புருஷனுடைய வேட்டிகளில் இரண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். வேட்டியா அது! துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை.

அப்படியே கொடுத்துவிடவில்லை. அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, எல்லாவற்றையும் முக்கி எடுத்து, என்னிடம் பிழியக் கொடுத்து, மாடியில் காயப்போட்டார். அடிக்கிற வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார். "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டபோதுதான், முந்தைய நாள் இரவுக்குப் பிறகு நான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தட்டில் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்தார். மாடிப்படி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மேலே கொடியில் அந்தச் சட்டைகள் ஆற்றுக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. என் மகன் இந்த அளவுதான் இருப்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. தோளைத் தட்டி எழுப்பியபோது எல்லாம் மடித்து, வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஒரு புதுத் துண்டில் மூட்டையாகக் கட்டியிருந்தது.

நான் பர்சை எடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி நீங்க? மொதத் துணிய யாராவது வெலைக்கு வாங்குவாங்களா? அத்தை குடுத்தான்னு சொல்லிப் போடச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மா துணியைத் தொட்டுப் பார்த்து, "இதான் சார் வேணும்" என்றார். என் மனைவி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"யாரு குடுத்தாங்க?"

"அக்கா."

"உங்களுக்கு ஏது அக்கா?"

அன்று முழுவதும் அவள் பேசிய முதல் பேச்சு அது. நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குவாளி. உள்ளே சூடாக ரசம் சாதமும் பூண்டுக் குழம்பும். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன்; எந்த வார்டு, என்ன பெயர் என்று ஒன்றும் தெரியாமல், "நேத்து ஆம்பளப் புள்ள, மாசம் முந்தி பொறந்தது" என்று கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து என் மனைவியின் தலைமுடியைக் கோதிப் பின்னிவிட்டுக்கொண்டே, "பூண்டு நெறையச் சாப்பிடு, பால் நல்லா வரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் மனைவி அவர் தோளில் சாய்ந்து, அடக்கமாட்டாமல் அழுதாள். அம்மா வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை அது என்று எனக்குத் தெரியும். அக்கா அவளைத் தேற்றக்கூட இல்லை. பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போடும்வரை அழவிட்டார். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்வரை தூக்குவாளி தினமும் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஸ்ரீரங்கம் போவதும் அவர்கள் திருவெறும்பூர் வருவதுமாக ஆகிவிட்டது. மகனுக்குச் சட்டை பத்தாமல் போனபோது எல்லாவற்றையும் துவைத்து மடித்துத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் சந்திலேயே ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தபோது அவை அங்கே போயின.

போன வருடம் சமயபுரத்தில் மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். என் மனைவியின் அண்ணன் வரமாட்டார் என்பது தெரிந்ததுதான். நான் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அக்காவின் புருஷன், அந்தத் துணிக்கடை அண்ணன், வேட்டியை மடித்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க அத்தை வீட்டுக்காரராச்சே, தாய்மாமன் எப்படி ஆவீங்க?" என்று என் மனைவி சிரித்தாள்.

"ஏன்? நீ எனக்குத் தங்கச்சி. உன் வீட்டுக்காரருக்கு இவ அக்கா. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த குடும்பம்னு வச்சுக்க" என்றார். கணக்கு சரியாகத்தான் வந்தது. காதில் ஊசி குத்தியதும் என் மகன் போட்ட கூச்சலில் பக்கத்தில் மொட்டையடித்துக்கொண்டிருந்த குழந்தையும் சேர்ந்து அழுதது. மாமன் வேட்டியும் நனைந்துபோனது.

என் மாமியார் இப்போது மகளோடு பேசுகிறார். என் வீட்டிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் சொந்தம் என்ற வார்த்தையை யாராவது சொல்லும்போதெல்லாம், காசை நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு என் வண்டியில் ஏறிய அந்த அக்காவின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.