குற்றத்தை ஒத்துக்கொண்ட பிறகு ஒரு அப்பீல்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் எஞ்சின் அறையில் நின்று இங்கிலீஷ் பழகியவன். எழுபதுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் தமிழரை விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கொஞ்சப் பேருக்குள்ளும் பட்டதாரிகள் இருந்தார்கள், டொக்டர்மார் இருந்தார்கள். ஆனால் வழக்கென்று கோட்டில் ஒரு தமிழன் நின்றால் லோயர்மார் கூப்பிட்டது என்னைத்தான். இரும்புக் கதவு செய்யும் தொழிற்சாலையில் நான் அப்போதே போர்மன். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பேன். ஒரு நீதவான் எல்லோருக்கும் முன்னால் என் இங்கிலீஷைப் பாராட்டியிருக்கிறார். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படிப் போன வழக்குகளில் ஒன்று பார்க்டேல் பகுதியில் அறை எடுத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனுடையது. பெடியன் என்றாலும் முப்பது வயது. விசிட்டராக வந்து, நிரந்தரமாக இருக்க விண்ணப்பம் போட்டிருந்தான். அது கிடைத்தால்தான் ஊரில் இருக்கும் மனைவியைக் கூப்பிடலாம். கல்யாணம் முடித்து நாற்பதாம் நாள் அவளை விட்டுவிட்டு விமானம் ஏறியவன்.

மாசி மாதம் அறையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரனோடு வாசல் படியில் நின்று வாக்குவாதப்பட்டிருக்கிறான். வீட்டுக்காரன் படியால் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தள்ளி விழுத்தினான் என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டான். காயம் வரும்படி தாக்கியதாக வழக்கு.

வழக்கு நாளன்று அவனுடைய லோயர் எங்களைக் கோட்டு நடைபாதையில் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். அரசாங்கத் தரப்போடு பேசி முடித்துவிட்டாராம். பெரிய குற்றச்சாட்டை எடுத்துவிடுவார்கள். கை வைத்தேன் என்று சின்னக் குற்றத்தை ஒத்துக்கொண்டால் மறியலில் போடமாட்டார்கள், ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் போதும். ஒரு நிபந்தனை. அப்பீலுக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு விசாரணை ஐப்பசியில்தான் வரும்.

எல்லாவற்றையும் தமிழில் சொல்லிவிட்டு, என் பங்குக்கு ஒன்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லு. தள்ளினியோ?"

"இல்லை அண்ணை. ஆள் ஐஸிலை வழுக்கினது. நான் பிடிக்கத்தான் கை நீட்டினனான்."

"பிறகென்னத்துக்கு ஒத்துக்கொள்ளப் போறாய்?"

"ரெண்டு மாசத்திலை இமிக்கிரேசனிலை இன்ரவியூ. வழக்கு நிக்கேக்கை அங்கை என்னெண்டு போய் இருக்கிறது? இப்ப ஓமெண்டு முடிப்பம். பிறகு மேல்கோட்டிலை உடைப்பம்."

"அப்பீல் இல்லையெண்டெல்லோ எழுதக் கேக்கினம்."

அவன் சிரித்தான். "உது கோட்டு வளவுக்கை எழுதுற கடுதாசி. எங்கடை அப்பா காணி வழக்கிலை சமாதானமெண்டு எழுதிக் குடுத்திட்டு, அடுத்த மாசமே கொழும்புக்கு அப்பீல் போட்டவர். வெண்டவர். நீங்கள் கனகாலம் கப்பலிலை நிண்டு ஊர் வழக்கத்தை மறந்திட்டியள்."

மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் முதல் கோட்டில் தோற்றவனை யாரும் தோற்றவன் என்று சொல்வதில்லை. வேலிக் கதியால் ஒன்றைத் தள்ளி நட்ட வழக்குக்கூட மேலே போய்த்தான் முடியும். ஆகவே அவன் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. லோயர் என் முகத்தைப் பார்த்து, "இவருக்கு விளங்கியதா?" என்று கேட்டார். அவனிடம் திருப்பிக் கேட்காமல் நானே "விளங்கியது" என்றேன். அவ்வளவு வழக்குப் பார்த்த நான் விட்ட பிழை அது.

உள்ளே பத்து நிமிஷம். உம்முடைய விருப்பத்தோடுதான் ஒத்துக்கொள்கிறீரா என்று நீதவான் கேட்டார். ஓம். அந்த மனிதரைத் தள்ளினீரா. ஓம். வெளியே வந்து குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டே, "ஊரிலையெண்டால் தவணை தந்தே கிழவனாக்கியிருப்பாங்கள்" என்றான். மத்தியான ஷிஃப்டுக்கு நான் நேரத்தோடு போய்விட்டேன்.

இரண்டு கிழமை கழிந்து இமிக்கிரேசன் கடிதம் வந்தது. இன்ரவியூவுக்கு வரும்போது கோட்டுத் தீர்ப்பையும் கொண்டுவரட்டாம். அவன் என்னையும் கூட்டிக்கொண்டு லோயரின் கந்தோருக்குப் போனான்.

"அப்பீலைப் போடச் சொல்லுங்கோ அண்ணை."

லோயர் பைலைத் திறந்து அந்தக் கடுதாசியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்து ஒன்று. அதைவிட, நீதவான் கேட்டபோது தள்ளினேன் என்று தன் வாயால் சொன்னது இன்னொன்று. மேலே போய் எதைச் சொல்வது என்று கேட்டார்.

"அது பொய்யெண்டு சொல்லச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். லோயர், "எது பொய்? அன்றைக்குச் சொன்னதா, இன்றைக்குச் சொல்வதா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மேல்கோடு அதைத்தான் கேட்கும் என்றார்.

தெருவுக்கு வந்ததும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"உதை ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான்."

"சொன்னியள். நிப்பாட்டேல்லை."

மொழிபெயர்ப்பவனுக்கு நிறுத்துகிற வேலை இல்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆனால் "விளங்கியது" என்று சொல்லுகிற வேலையும் இல்லைத்தானே.

இன்ரவியூவில் இருந்தவர் வயதான அதிகாரி, மரியாதையான மனிதர். தீர்ப்பை வாசித்துவிட்டு அந்த மனிதரைத் தள்ளினீரா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"எதைச் சொல்ல அண்ணை?"

ஓம் என்றால் ஆளைத் தள்ளிக் கையை முறித்தவன். இல்லை என்றால் நீதவானுக்குப் பொய் சொன்னவன். இரண்டில் எது கொஞ்சம் நல்லது என்று எனக்குத் தெரியாது. படித்த ஆட்களுக்கும் தெரிந்திருக்காது.

"உள்ளதைச் சொல்லு" என்றேன்.

"தள்ளேல்லை. கெதியாய் முடியட்டுமெண்டுதான் ஓமெண்டனான்."

கூட்டாமல் குறைக்காமல் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அப்படியானால் கோட்டில் பொய் சொன்னீரோ என்று அதிகாரி கேட்டார். அவன் இந்தக் கேள்விக்கு என்னைப் பார்க்கவில்லை. தானே "யெஸ்" என்றான். அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார்.

ஆனி மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. நாட்டைவிட்டுப் போவதற்கு நாள் குறித்திருந்தார்கள். என் சமையலறையில் வைத்து நான் அதை அவனுக்கு வாசித்து முடித்ததும், மனைவிக்கு இதை எப்படி எழுதுவது, முதல் வசனத்தை மட்டும் சொல்லித் தாங்கோ அண்ணை என்று கேட்டான். நான் எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன். அன்றைக்குப் பேனையை எடுத்து அவன் பக்கம் வைத்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினேன்.