மலைப் பக்கம் பொங்கிய பால்

உதயாக்காவின் கைத்தொலைபேசி குளியலறைக்குள்ளும் கூடவே போகும். பொலித்தீன் பையில் சுற்றி, சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் குளிப்பார். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவர் தாதி உதவியாளர். நிரந்தர வேலை நாற்பது வீதம்தான். மிச்ச அறுபது வீதமும் மற்றவர்களின் தடிமன் காய்ச்சலில் தங்கியிருந்தது. விடிய ஆறு மணிக்கு அழைப்பு வரும். ஒருத்திக்குச் சுகமில்லை, உடனே வரமுடியுமா என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு ஓடுவார். இப்படியே ஒன்பது வருடம். தீபாவளிக்குப் பலகாரம் சுடும்போதும் ஒரு காது அந்தத் தொலைபேசியில்தான் இருக்கும்.

நான் மரியரஞ்சனி. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில், அவர் இருக்கிற கட்டடத்திலேயே மேல்மாடியில் என் வீடு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், சொல்லட்டும். எட்டு வருடமாக அவர் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கு வரும், என் வீட்டுப் புட்டு அவர் வீட்டுக்குப் போகும்.

2006 மாசியில் ஒருநாள் கடிதமொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தார்.

“ரஞ்சி, இதை ஒருக்கா வாசி. நூறு வீதம் எண்டுதானே கிடக்கு? என்ரை கண்ணுக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?”

வாசித்தேன். லில்லஹம்மர் நகரத்து முதியோர் இல்லத்தில் முழுநேர நிரந்தர வேலை. அடுத்த மாதம் ஆறாம் திகதி, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்திருக்கிறார், கள்ளி!

“ஓமக்கா, நூறுதான்” என்றேன். சந்தோசத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் லில்லஹம்மர் வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடவேண்டிய மலைநகரம் என்பது ஞாபகம் வந்ததும் கடிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அவருடைய கணவர் குலசேகரம் அண்ணை பேருந்துச் சாரதி. தங்கமான மனிதர். ஆனால் ஒரு குளிர்ச்சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதற்கடைக்கே திரும்பிப் போகிற ஆள். கடிதத்தைப் பார்த்தவர் அடிமட்டத்தை எடுத்தார். ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டு, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

தீமைப் பக்கம் கிடுகிடுவென்று நிரம்பியது. தமிழ்க் கடை இல்லை. முருங்கைக்காய் இல்லை. கோயில் தூரம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. குளிர் சைபருக்குக் கீழே இருபத்தைந்து. பனி வழிப்பது யார்? “ரஞ்சி இல்லை” என்று நானும் என் பங்குக்கு எழுதிவிட்டு வந்தேன். நன்மைப் பக்கம் நாலே நாலு: காற்று நல்லது, விளம்பரத்தில் பார்த்த வாடகை வீடு பெரிது, குளியலறை இரண்டு, உதயாவின் வேலை. குளியலறைக்குப் பிறகுதான் வேலை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். உதயாக்கா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

மகள் சாருகாவுக்குப் பதினைந்து வயது. அவள் மட்டும் துள்ளினாள். “அப்பா, அங்கை வீட்டுக்குப் பக்கத்திலையே ஸ்லாலோம்பக்கே இருக்கு, பனியிலை சறுக்கிற மலை! இலையுதிர் காலத்திலை எனக்கு எப்பிடியும் புதுப் பள்ளிக்கூடம்தானே, அதை அங்கை துவங்கினால் என்ன?”

“சறுக்கி விழுந்து கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?” என்று தீமைப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதினார் அண்ணை.

பதில் சொல்லும் நாளுக்கு முந்திய சனிக்கிழமை அந்த வாடகை வீட்டைப் பார்க்கப் போனோம். தீமைப் பக்கத்துக்கு இன்னொரு வாக்கு வேண்டுமென்றோ என்னவோ, அண்ணை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். “சும்மா பாக்கத்தான் போறம். ஒண்டும் முடிவெடுக்கேல்லை” என்று மியோசா ஏரிக்கரை நெடுக அவர் சொன்னதை எண்ணினால் பத்துக்குக் குறையாது. ஏரி உறைந்து வெள்ளைவெளேரென்று கிடந்தது.

வீடு சரிவில் இருந்தது. வெறும் வீடு. குசினியில் அடுப்பும் வாடகைக்கு வருபவர்களுக்கென்று வாங்கிவைத்த இரண்டு சட்டிகளும் மட்டும் இருந்தன. வீட்டுக்காரி நோர்வேஜியக் கிழவி, கலகலப்பான பெண். “ஆறுதலாகப் பாருங்கள், குசினியையும் பாவியுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போனார்.

அண்ணைக்குப் பால் தேநீர் இல்லாமல் தலை வேலை செய்யாது. வழியில் பால் வாங்கியிருந்தார், தேயிலை உதயாக்காவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். அண்ணையே சட்டியை எடுத்து, பாலை ஊற்றி, அடுப்பை மூட்டிவிட்டு யன்னலடிக்குப் போய், இந்த ஏற்றத்தில் பனிக்காலத்தில் கார் எப்படி ஏறும் என்று எங்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுர்ரென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது.

“மாதாவே!” என்று நான் கத்தினேன். சாருகா ஓடிப்போய் அடுப்பை நிற்பாட்டினாள். அண்ணை அசையவில்லை. முகம் வெளிறிவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெறும் வீடு, முதல் அடுப்பு, வீட்டுத் தலைவர் தன் கையாலேயே வைத்த பால்! சும்மா பார்க்க வந்த மனிதர் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்தது.

“சிரியாதை பிள்ளை!” என்று சீறிவிட்டு அண்ணை ஒஸ்லோவிலிருக்கும் சிறீஸ்கந்தராசாவுக்கு அழைத்தார். எங்கள் ஆட்களின் வீடுகுடிபுகுதலுக்கெல்லாம் நாள் பார்த்து முன்னுக்கு நிற்பவர் அவர்தான். அண்ணை தொலைபேசியைச் சத்தமாக வைத்தபடியால் எங்களுக்கும் கேட்டது.

“தேத்தண்ணிக்கு வைச்ச பால் அண்ணை. விளக்கில்லை, பிள்ளையார் படமில்லை. இது கணக்கில்லைத்தானே?”

“அவசரப்படாதை. சட்டி புதிசோ?”

அண்ணை சட்டியைத் தூக்கிப் பார்த்தார். கடை ஒட்டிய காகிதம் அடியில் அப்படியே இருந்தது. “புதிசுதான்” என்றார், களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி.

“எந்தப் பக்கத்தாலை வழிஞ்சது?”

“மலைப் பக்கம்.”

“மலை என்ன திசை?”

“கிழக்கு!” என்று சாருகா துள்ளினாள்.

“பிறகென்ன கேள்வியடாப்பா? குடிபுகுந்தாச்சு. வாழ்த்துக்கள்” என்று சொல்லிச் சிறீஸ்கந்தராசா தொலைபேசியை வைத்துவிட்டார்.

அண்ணை ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பார்க்கவேண்டுமே, முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இரண்டு கிழமையாகத் தலையில் சுமந்த பாரத்தை வேறொருவர் இறக்கி வைத்தால் மலராமல் என்ன செய்யும்? “சரி உதயா, கடவுளே சொல்லிப்போட்டுது. வருவம்!”

சாருகா கைதட்டினாள். உதயாக்கா பாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துணியை மெல்ல வைத்தார்.

“நான் வரேல்லை” என்றார்.

“என்னப்பா, இப்பதானே எல்லாம் சரிவந்தது?”

“பால் பொங்கினதுக்காக எண்டால் நான் வரேல்லை. நாளைக்குக் கார் ஏறாட்டில், பால் பொங்கினதாலைதான் இஞ்சை வந்து மாட்டுப்பட்டம் எண்டுவியள். நல்ல மீன் கிடைக்காட்டிலும் அதுதான் கதை. ஒன்பது வருசமா ஆருக்கு வருத்தம் வருமெண்டு பாத்துக்கொண்டு படுத்தெழும்புறன். ஒருத்திக்குக் காய்ச்சல் எண்டால் எனக்குச் சந்தோசமா இருக்கு. அப்பிடி நினைக்கிறதை நினைச்சு வெக்கமா இருக்கு. உங்களுக்குத் தெரியுமோ அது? எனக்கு இந்த வேலை வேணும். எனக்காக வாறதெண்டால் வாங்கோ. இல்லையெண்டால் புருசெத்துக்கே திரும்பிப் போவம்.”

எட்டு வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தீய்ந்த பால் மணத்துக்கு மூக்கைச் சுருக்கிச் சிரித்தார். வீடு பிடித்திருக்கிறதா, வேலை விசயமாகவா இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று அண்ணையைப் பார்த்துத்தான் கேட்டார். ஆம்பிளையைத்தானே கேட்பார்கள்!

அண்ணை தொண்டையைச் செருமினார். பேருந்தில் தரிப்பிடம் அறிவிக்கிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக, நோர்வேஜியத்தில் சொன்னார்.

“வேலை எனக்கு இல்லை. என் மனைவிக்கு. இந்த ஊர் முதியோர் இல்லத்தில் அவருக்கு நூறு வீத நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. நானும் மகளும் அவருடன் வருகிறோம்.”

“அடடே, வாழ்த்துக்கள்!” என்று வீட்டுக்காரி அண்ணையைத் தாண்டிப் போய் உதயாக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு ஒஸ்லோவில் இனி யார் இருக்கிறார்கள் என்று மனம் கிடந்து அடித்தது. ஆனாலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். கண்ணீர் தன்பாட்டில் வழிந்தது.

உதயாக்கா வீட்டுக்காரியின் கையை விடாமலே அண்ணையைப் பார்த்தார்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார்.

அவர் இன்னொருமுறை சொன்னார், இந்தமுறை தமிழில்.