வழிமொழிந்தவர் உண்ணாமலை

மே மாதம் முழுவதும் உண்ணாமலை செல்பேசியைக் குளியலறைக்குள்ளும் எடுத்துக்கொண்டு போவாள். அவள் கௌரவ விரிவுரையாளராக இருந்த காலம் அது. அந்த வேலை ஒவ்வொரு கோடையிலும் தானாக முடிந்துவிடும். ஜூனில் பல்கலைக்கழகம் மறுபடி கூப்பிட்டால் வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. ஆகவே அந்த மாதத்தில் அவள் யாரிடமும் உரக்கப் பேசமாட்டாள். கல்லூரி முதல்வர் வீட்டுத் தெரு வழியாகப் போகமாட்டாள். எதிரில் வந்து அவர் முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது?

நாற்பது வயதுக்குப் பிறகு நிரந்தர வேலை கிடைத்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. முன்பு அது மே மாதத்தில் வந்துகொண்டிருந்தது. இப்போது எல்லா மாதமும் வந்தது.

செஞ்சியில் பல்கலைக்கழகமே நடத்துகிற உறுப்புக் கல்லூரியில் அவள் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். வீடு கடைத்தெருவில், கணவர் பாலசுப்பிரமணியனின் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில். துறையில் நிரந்தர ஆசிரியர் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் மூத்தவர் சாலமன். சிங்கவரத்திலிருந்து பைக்கில் வருகிறவர். கோட்டைக் களஞ்சியத்தில் தொங்கும் வௌவால்களை மாணவர்களோடு போய் எண்ணிவிட்டு வந்து, சட்டையெல்லாம் நாற்றமாக வகுப்பில் நிற்பார்.

பல்கலைக்கழகத்தில் கல்விக் குழு என்று ஒன்று உண்டு. எந்தப் படிப்பு இருக்கலாம், எதை நிறுத்தலாம் என்று முடிவு செய்கிற சபை. பேராசிரியர்களும் துறைத் தலைவர்களும் பதவியால் அதில் இருப்பார்கள். உறுப்புக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓர் இடம், தேர்தல் மூலம். இந்த முறை அது செஞ்சிக்கு வந்தது. யாரும் மனு போடவில்லை. முதல்வர் சுந்தரமூர்த்தி உண்ணாமலையைக் கூப்பிட்டார்.

"நீங்க போட்டுடுங்கம்மா. போய் உக்காரணும், கையெழுத்துப் போடணும், சாப்பாடு நல்லா இருக்கும். வாயத் தொறக்கற வேலையே இல்ல."

"சார், எனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியல. வேலைய உறுதி பண்ணி உத்தரவு வரல."

"அதனாலதான் உங்களச் சொல்றேன். மத்தவங்கள அனுப்புனா எதையாவது பேசித் தொலைப்பாங்க."

அவள் போட்டியின்றித் தேர்வானாள்.

முதல் கூட்டம் டிசம்பரில். நீளமான மேசை, குளிர்சாதனம், ஒவ்வொருவர் முன்னும் தடித்த அச்சுப் புத்தகம். துணைவேந்தர் விவாதப் பொருளின் எண்ணை மட்டும் படித்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தார். யாரும் பேசவில்லையென்றால் உறுப்பினர்கள் உள்ளங்கையால் மேசையை ஒரு தட்டு தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று இரண்டு பெயர் வேண்டும். அதைப் பதிவாளரே பார்த்துக்கொண்டார். யார் முகம் கண்ணில் படுகிறதோ, யார் அசைகிறாரோ, அவர் பெயர். யாரும் குறை சொன்னதில்லை. சிலருக்குப் பெயர் வருவதில் சந்தோஷம்கூட.

உண்ணாமலை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

புத்தகம் முடிந்த பிறகு ஒரு தனித்தாள் வந்தது. அன்றைக்கே கொண்டுவந்து மேசையில் வைக்கிற பொருள். செஞ்சி உறுப்புக் கல்லூரியில் விலங்கியல் பட்டப்படிப்புக்கு வரும் கல்வியாண்டு முதல் சேர்க்கை இல்லை. காரணம், போதிய மாணவர் இல்லாமை.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். இந்த வருடம் வகுப்பு நிறைந்திருந்தது. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்திக்கு இடமில்லை என்று அவளே திருப்பி அனுப்பியிருந்தாள். வேறு கல்லூரிக் கணக்கை மாற்றிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கேட்டால் சரியாகிவிடும். அவள் கை தானாக மேலே போனது. குரல் அதோடு போகவில்லை.

"பாருங்க, செஞ்சி மேடமே கை தூக்கிட்டாங்க," என்றார் துணைவேந்தர். "அப்புறம் என்ன, வழிமொழிஞ்சாச்சு."

மேசை தட்டப்பட்டது. அடுத்த தாள் வந்தது. அவள் கை இன்னும் மேலேயே இருந்தது.

பக்கத்தில் இருந்த வேதியியல் பேராசிரியர், "போதும்மா, எறக்குங்க," என்றார் கனிவாக.

இறக்கினாள்.

சாப்பாட்டின்போது துணைவேந்தர் அவளைக் கடந்து போனார். "நன்றி மேடம். உள்ளூர் ஆளே ஒத்துக்கிட்டா எங்களுக்கு வேலை சுலபம்," என்றார். "பரவால்ல சார்," என்றாள் அவள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டு சொற்களையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலாவது பயத்தில் இருந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பரவாயில்லை என்று சொல்லியாகிவிட்டது.

கல்லூரியில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜனவரியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் வந்தது. சாலமன் செல்பேசியோடு துறை அறைக்கு வந்தார்.

"மேடம், வழிமொழிந்தவர்னு உங்க பேரு போட்டிருக்குது."

"நான் கேள்வி கேக்கத்தான் சார் கை தூக்குனேன்."

"அது தெரியாதா? டீ வேணுமான்னு கேட்டாலே அஞ்சு நிமிஷம் யோசிக்கிற ஆளு நீங்க. நீங்க போயி ஒரு டிகிரிய மூடுவீங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "சேர்க்கை நின்னுட்டா மொதல்ல எங்கள அனுப்பிடுவாங்க மேடம். உங்கள வேற ஊருக்கு மாத்துவாங்க."

"தெரியும் சார்."

"மாசி மாசம் அடுத்த கூட்டம். மொதல் பொருளே இந்தக் குறிப்ப உறுதி செய்யறதுதான். தப்பா எழுதிட்டாங்கன்னு அங்க சொன்னாத்தான் உண்டு. உறுதியாயிட்டா அவ்ளோதான்."

அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். கௌரவ விரிவுரையாளர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. அவளைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் ஓட்டுக்கூட இல்லை. சாலமன் 'சொல்லுங்கள்' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள். அவர் வௌவால் எண்ணப் போய்விட்டார்.

முதல்வருக்கும் விஷயம் எட்டியிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"உங்க தகுதிகாண் ஃபைல் பதிவாளர் டேபிள்ல இருக்குது. நேத்துதான் பேசுனேன். சீக்கிரம் கையெழுத்தாயிடும். அதுவரைக்கும் எதுவும் வேணாம்மா. திருப்தி இல்லன்னு ஒரு வரி எழுதிட்டாங்கன்னா நானே ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் பேசியே தீருவது என்று இருக்கும். மறுநாள் பேசாமலிருக்க நல்ல காரணமாக ஒன்று தோன்றும். வேலையில் இருந்தால்தான் நாலு பேருக்கு நல்லது செய்யலாம். வேலை போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி. மிக்சி ஓடும்போது மட்டும், மாமியார் காதில் விழாதபடி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நான் வழிமொழியவில்லை. தேங்காய் கூழாகிப்போகும்வரை மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

பாலசுப்பிரமணியனிடம் சொன்னாள். அவர் கடைக் கணக்கிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"நம்ம கடையில ஒருத்தர் கை தூக்கிக் காமிச்சா இன்னா பண்ணுவோம்? குடத்த எறக்கிக் குடுத்துட்டு பில்லப் போட்டுடுவோம். அதேதான் அவங்களும் பண்ணியிருக்காங்க."

"அவரு குடம் வேணாம்னு சொன்னா திரும்ப எடுத்துக்க மாட்டீங்களா?"

"பில்லு போட்டப்புறம் எடுக்க மாட்டேன்," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு உண்ணா. எத்தினி வருஷம் காத்துக் கெடந்து கெடச்ச வேல," என்றார்.

இரண்டாம் கூட்டம் மாசி அமாவாசையன்று வைத்துவிட்டார்கள். பஸ்களையெல்லாம் மேல்மலையனூர்க் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். பேருந்து நிலையத்தில் வேப்பிலையும் எலுமிச்சையும் குழந்தைகளுமாகக் கூட்டம் எல்லாம் ஒரே பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. திண்டிவனம் போகிற வண்டி வரவேயில்லை. உண்ணாமலை ஓரமாக நின்றாள். வண்டி வராவிட்டால் போக முடியாது. போக முடியாவிட்டால் அது தன் குற்றமில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

ஸ்கூட்டர் வந்து நின்றது. பாலசுப்பிரமணியன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏறு. திண்டிவனத்துல வேற பஸ் புடிச்சிக்கலாம்."

"விடுன்னு சொன்னீங்களே."

"இப்பவும் அதான் சொல்றேன். ஆனா போகாம வீட்டுக்கு வந்தின்னா வருஷம் பூரா பொலம்புவ. அதக் கேக்கறதுக்கு வண்டி ஓட்டறது ஈசி."

அவள் ஏறினாள். வழிநெடுக அவர் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயின.

அரங்கில் அதே நாற்காலி. துணைவேந்தர் உட்கார்ந்ததும், "பொருள் ஒன்று," என்றார். சென்ற கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்தல். அந்த ஒரு மூச்சு நேரம். மேசைமேல் கைகள் தட்டுவதற்காக எழும்பின. உண்ணாமலை தன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"சார்."

அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி, "சார்," என்றாள். இந்த முறை அது கத்தியதுபோல வந்துவிட்டது.

"சொல்லுங்க மேடம்."

"விலங்கியல் தீர்மானத்த நான் வழிமொழியல சார். கேள்வி கேக்கத்தான் கை தூக்குனேன். அந்த வகுப்பு நிறைஞ்சிருக்குது. மாணவர் இல்லைங்கறது தப்பு."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயம் சார்."

சிலர் சிரித்தார்கள். துணைவேந்தரும் சிரித்தார். "இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல சார். இப்பவும் பயமாத்தான் இருக்குது."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பதிவாளர் பேனாவைத் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

"ரொம்ப நல்லது. மேடம் பேர எடுத்துடுங்க," என்றார் துணைவேந்தர் பதிவாளரிடம். "வேற யாராவது வழிமொழிங்க. ஒரு கை போதும்."

அவள் இதை நினைத்துப் பார்க்கவில்லை. தன் பெயர் போனால் தீர்மானமும் போய்விடும் என்று நம்பிக்கொண்டு வந்திருந்தாள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பது இத்தனை நாளில் தோன்றவேயில்லை. வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

யாரும் கை தூக்கவில்லை.

"ஒரு கை," என்றார் துணைவேந்தர் மறுபடி.

வேதியியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் தண்ணீர் குடித்தார். தன்னை அறியாமல் பெயர் போவது வேறு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைத் தூக்குவது வேறு. நாளைக்குச் செஞ்சிக்காரர்கள் குறிப்பில் இந்தப் பெயரைப் படித்துவிட்டு போன் செய்வார்கள். ஆசிரியர் சங்கத்தில் கேட்பார்கள். அந்த நீள மேசை முழுவதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று பரவிக்கொண்டிருந்தது. எல்லாருடைய கைகளும் மடிக்கு இறங்கிவிட்டன.

"நீங்க சார்?" என்று துணைவேந்தர் வேதியியல் பேராசிரியரைப் பார்த்தார்.

"விலங்கியல் பத்தி எனக்கென்ன சார் தெரியும்? பல்லியக் கண்டா ஓடற ஆளு நான்."

துணைவேந்தரின் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒத்திவைக்கிறோம்," என்றார். "கல்லூரியோட கருத்தையும் வாங்கி அடுத்த வருஷம் வைங்க. பொருள் ரெண்டு."

அவ்வளவுதான். மேசை தட்டப்பட்டது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பதிவாளர் பின்னால் வந்தார். "உண்ணாமலை மேடம், உங்க ஃபைல் எங்கிட்டதான் இருக்குது," என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். சொல்லும்போது அவர் சிரித்தாரா என்று அவள் பிறகு எவ்வளவு நினைத்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை.

பஸ்ஸிலிருந்து சாலமனைக் கூப்பிட்டாள்.

"ஒத்திவெச்சிட்டாங்க சார். இந்த ஜூன்ல சேர்க்கை உண்டு."

"யாரு மேடம் உங்களுக்கு சப்போர்ட் பண்ணாங்க?"

"யாருமே இல்ல."

"அப்புறம் எப்படி?"

"அவங்களுக்கும் யாரும் பண்ணல."

சாலமன், "கர்த்தர் பயந்தவங்களுக்கும் எதையோ வெச்சிருக்காரு," என்று சிரித்தார். குரல் உடைந்திருந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜூனில் விலங்கியல் வகுப்பு மறுபடி நிறைந்தது. உண்ணாமலையோடு வேலைக்குச் சேர்ந்த மற்றவர்களுக்கெல்லாம் தகுதிகாண் பருவம் முடிந்ததற்கான உத்தரவு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். சுந்தரமூர்த்தி அவளைப் பார்த்தால் வானிலை பற்றிப் பேசுகிறார். பதிவாளர் அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பிரிப்பதற்கு முன் அவள் உட்கார்ந்துகொள்கிறாள்.

கல்விக் குழுவில் அவள் காலம் இன்னும் முடியவில்லை. ஆடி மாதம் ஒரு மதியம் கணிதத் துறை அறிவுமதி வந்து நின்றாள். கௌரவ விரிவுரையாளர், சின்னப் பெண்.

"மேடம், நீங்க அங்க பேசுவீங்களாமே?"

"யாரு சொன்னா? நான் பேசமாட்டேன்மா. ஒரே ஒருதரம் தெரியாம பேசிட்டேன்."

அறிவுமதி அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க பாடத்திட்டத்த மாத்தி எங்களையே எடுத்துடப் பாக்கறாங்க மேடம். அதுவும் கடைசி நேரத்துல தனியா ஒரு தாளாத்தான் வரும்போல இருக்குது."

உண்ணாமலை முடியாது என்று சொல்வதற்காக நிமிர்ந்தாள். அந்தப் பெண் வாசலுக்கு அப்பால் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்ணாமலை எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாச் சொல்லு," என்றாள். "மொதல்ல இருந்து சொல்லு."