பரசுராமனுக்கே தெரியாத பதவி

ஏலவார்குழலி வல்லம் வடகாலில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். சுற்றுவட்டாரத் தொழிலாளர்கள் நடத்தும் ரத்ததானச் சங்கத்துக்கு அவள் செயலாளரான மாதமே ஒரு சங்கடம் நேர்ந்தது. பென்னலூர்ப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் அவசரமாக ரத்தம் தேவைப்பட்டது. அவள் வீட்டார் தலைவர் ஜெகநாதனுக்குப் போன் அடித்து ஓய்ந்தார்கள். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்; மேளச் சத்தத்தில் போன் கேட்கவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்த மற்றவர்களோ, அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள். நல்லவேளை, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியே ரத்தம் கொடுத்துத் தாயைக் காப்பாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஏலவார்குழலி நேராகவே கேட்டாள்.

“நம்மள்ல யாருக்கு இன்னா வேலை? துணைத் தலைவரு நீங்களே சொல்லுங்கண்ணே.”

பரசுராமன் திரும்பிப் பார்த்தார். “நானா? நான் எப்போ துணைத் தலைவரு ஆனேன்?”

அவர் வராத நாளில் தேர்ந்தெடுத்துவிட்டு, அவரிடம் சொல்லவே மறந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், ஜெகநாதனைத் தவிர.

“இத்தினி வருஷமா நான்தான் போன் எடுக்கறேன். ஒரு நாள் தவறிச்சின்னு என்னை ஓரங்கட்டறியாம்மா?”

 ஏலவார்குழலியின் தம்பி லாரியில் அடிபட்டபோது ரத்தம் கொடுக்க ஆள் திரட்டி ஓடிவந்தவர் அவர். இருந்தும் அவள் பின்வாங்கவில்லை.

“ஓரங்கட்டலண்ணே. ஷிப்ட் முடிஞ்சாலும் மாத்து ஆள் வந்தப்புறம்தான் நாங்க லைனை வுட்டு நகருவோம். உங்களுக்கு மாத்து ஆளே குடுக்காம நிக்க வச்சிக்கினு இருந்தோமே, அது எங்க தப்பு.”

ஜெகநாதன் டீயை எடுத்து மெதுவாகக் குடித்தார். “அப்போ ராத்திரி போனை வேற யாராச்சும் எடுங்கப்பா. நிம்மதியா தூங்கி நாளாச்சு.”

ராத்திரிப் போனைப் பரசுராமன் ஏற்றுக்கொண்டார். ஏலவார்குழலி, “ஷிப்ட்ல என் போன் லாக்கர்ல கெடக்கும், என்னை நம்பாதீங்க. புது ஆள் சேர்க்கறது என் பொறுப்பு” என்றாள். பொருளாளர் ரஞ்சனி தயங்கித் தயங்கி, “எனக்கு இந்தப் பொருளாளர் பதவி வேணாங்க்கா. ரத்தம் குடுக்க எப்போ கூப்ட்டாலும் வரேன்” என்றாள். “தாராளமா” என்று ஏலவார்குழலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடி மாதம் ஜெகநாதன் மனைவியோடு ராமேஸ்வரம் போய்வந்தார். அந்த வாரம் இரண்டு நோயாளிகளுக்குப் பரசுராமன் ஆள் அனுப்பியிருந்தார்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?” என்றார் ஜெகநாதன், முகம் சுருங்கி.

“நீங்க லீவுல இருந்தீங்களேண்ணே” என்றாள் ஏலவார்குழலி.

ஜெகநாதன் சிரித்துவிட்டார். “அப்படின்னா அடுத்த வருஷம் காசிக்குன்னு வூட்ல சொல்லிடறேன்.”