சத்தமில்லாத நீச்சல்

பதினொரு வயதில் ஒரு நீச்சல் தெரிவில் கடைசியாக வந்தேன். காரணம் அப்பா. இன்றைக்கும் அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

அப்போது இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. மொன்றியலில், புவாண்ட்-கிளேர் நீச்சல் தடாகத்தில் பயிற்சியாளர் ஒருநாள் சிட்னியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். தகப்பனும் பிள்ளைகளும் நீச்சற்காரர்களாம். உலகம் இன்று நீந்துகிற முறைகளை உருவாக்கியதில் அவர்களுக்கும் பங்குண்டாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அளந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நானும் உன்ர பெரியப்பாவும்கூட ஒரு நீச்சல் கண்டுபிடிச்சனாங்கள்" என்றார் அப்பா. வெயர்ஹவுஸ் வேலைக் களைப்பெல்லாம் எங்கே போனதோ, கம்பளத்தில் குப்புறப் படுத்துச் செய்து காட்டினார். தலை மட்டும் வெளியே. கையும் காலும் தண்ணீருக்குள்ளேயே அளைய வேண்டும்.

ஒரு மாதம் ஞாயிறு தவறாமல் பழக்கினார். சளக்கென்று கேட்டால் போதும், "கையை வெளியில எடாதை, திரும்பப் போ!" என்பார். "ஃப்ரீஸ்டைல் எண்டால் எப்பிடியும் நீந்தலாம், சட்டத்தில கிடக்கு" என்று விதியையும் படித்து வைத்திருந்தார்.

அஞ்சல் நீச்சல் அணிக்கான தெரிவில் அவரை நம்பி அப்படியே நீந்தினேன். மற்றப் பிள்ளைகள் துவாய் போர்த்தி நின்றபோது நான் பாதித் தூரத்தில் கிடந்தேன். தவளை, தவளை என்று பிரெஞ்சில் கத்திச் சிரித்தார்கள். அப்பா ஒருவர்தான் எழுந்து நின்று கைதட்டினார். பயிற்சியாளர் என் பெயரை வெட்டினார்.

"ஒரு துளிச் சத்தம் வரேல்லை. திறம்!" என்றார் அப்பா, பியர்ஃபொன்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

"உங்களுக்கு நீந்தவே தெரியாது! இனி இங்க வராதேங்கோ!" என்று கத்தினேன். "எல்லாரும் கையை வெளியில எடுத்துத்தானே வெண்டவை!"

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"எடுத்தால் கெதியாப் போகலாம்தான், பிள்ளை. அண்டிரவு கடலில உன்ர பெரியப்பாவுக்குக் கரை தெரிஞ்சிட்டுது. அவசரப்பட்டு எடுத்திட்டார்."

"பேந்து?"

"சத்தம் கேட்டு நேவியின்ர ரோந்துப் படகில இருந்து லைற் அடிச்சாங்கள்."

வெளிச்சத்துக்குப் பின்னால் துவக்குச் சூடு வரும் என்று மொன்றியலில் பிறந்தவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

"நல்லதுதானே அப்பா? கரை இன்னும் வடிவாத் தெரிஞ்சிருக்குமே!"

"ஓம், பிள்ளை" என்றார்.

அதன் பிறகு அவர் தடாகத்துப் பக்கமே வரவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.