உள்வயல் சீட்டு

எந்த வேலையை முதலில் செய்வது என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

மன்னார்குடியில், அறுப்பு மெஷினைப் போனிலேயே பதிவு செய்ய ஓர் ஆப் தயாரித்தோம். வருகிற கோரிக்கைகளைச் சீட்டில் எழுதி, பயனுக்கு ஒரு மார்க், உழைப்புக்கு ஒரு மார்க் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். பயன் அதிகம், உழைப்பு குறைவு என்றால் மேலே போகும்.

சுற்றும் லோகோ

முதலாளி சிங்கப்பூரில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆப்பைத் திறந்ததும் லோகோ சுற்ற வேண்டும் என்றார். அதனால் விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பத்துக்குப் பத்து போடுங்க. சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் பாப்பான்ல?"

அரை நாள் வேலை

பதிவு செய்த நேரம் கடந்ததும் 'அறுவடை முடிந்தது' என்று ஆப் தானாகக் காட்ட வேண்டும் என்பது இன்னொரு சீட்டு. அரை நாள் வேலைதான், எனவே இரண்டாமிடம்.

ராஜாத்தி அக்கா கேட்டது வேறு. கூலிக்கு நடவு நட்டவர், இப்போது சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு அந்த ஒரு சம்பாதான். வயல் உள்ளே இருக்கிறது. ரோட்டோரம் இருக்கிற அடுத்தவர் வயலை அறுத்தால்தான் மெஷின் அங்கே போக முடியும். ஆகவே இரண்டு வயலையும் சேர்த்துப் பதிய வழி செய்யுங்கள் என்றார். அதைப் பதினேழாவதாக, கடைசியில் ஒட்டினேன். புரோகிராமர் ஆரோக்கியராஜ் எனக்குச் சமாதானம் சொன்னான்.

"எட்டு நாள் வேலை சார். கேட்டது ஒரே ஒரு அக்காதானே?"

முடிந்த அறுவடை

அக்கா தன் வயலுக்கு மட்டும் பதிந்த மெஷின் சொன்ன நேரத்துக்கு வந்தது. ரோட்டோர வயலில் கதிர் இன்னும் பச்சை. அரை மணி நேரம் ரோட்டிலேயே நின்றுவிட்டு டிரைவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

போய்ப் பார்த்தேன். நெல் தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டிருந்தது. அக்கா திட்டவில்லை, போனைத்தான் நீட்டினார்.

"அறுப்பு முடிஞ்சிட்டுதுன்னு காட்டுது தம்பி. அந்த நெல்லு எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பதினேழாவது சீட்டு இப்போது முதலிடத்தில் இருக்கிறது, அடுத்த சம்பாவுக்குள் முடித்துவிடுவோம் என்கிறார்கள். லோகோ மட்டும் ஆப் வந்த நாளிலிருந்தே அருமையாகச் சுற்றுகிறது.