நல்ல நேரத்து ரயில்

தில்லையம்பலம் அண்ணை காலமான செய்தி ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. மேற்பார்வையாளர் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு, அண்ணையின் மெஷினில் வேறொருவரை நிறுத்திவிட்டார்.

அண்ணை இலங்கையில் ரயில் கார்டாக இருந்தவர். கலவரத்தின் பின் மனைவி சரோ அக்காவுடன் ரொறன்ரோ வந்து, பச்சைக்கொடி காட்டிய கையால் பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கினார். அவருடைய தம்பி குகன் பாரிசில் விசா இல்லாமல் ஒளிந்திருந்தான். சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தால் அகதியாகப் பதியலாம் என்பது அவனுடைய நம்பிக்கை.

பிரான்சின் அதிவேக ரயில் எல்லை தாண்டி சுவிஸ் நகரங்களுக்கும் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. பத்திரிகையில் அந்தக் கோச்சியின் படத்தைக் கண்டால் அண்ணைக்குத் தலைகால் தெரியாது. "உது கோச்சியில்லையடா, அம்பு!" என்பார்.

குகனின் அறைத் தோழர்கள் காலையில் போகும் சாதாரண ரயிலைத்தான் சொன்னார்கள். அது வழியெல்லாம் நிற்கும். சோதனை வந்தால் இறங்கிவிடலாம். குகன் போனில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணை பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"காலமை இராகுகாலமடா. அது கழியட்டும். பிறகு வாற வேகக் கோச்சியில ஏறு."

"அது இடையில நிக்காதாம் அண்ணை."

"நிக்காட்டி நல்லதுதானே. கெதியாப் போயிடுவாய்."

எல்லை வருமுன்பே அதிகாரிகள் ரயிலுக்குள் சோதனைக்கு வந்துவிட்டார்களாம். இறங்குவதற்கு ஒரு ஸ்டேஷனும் இல்லை. குகனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள் என்று தோழர்கள் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவருமில்லை.

அன்றோடு அண்ணை பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. அந்த ரயில் இன்னும் பல நாடுகளுக்கு நீளப்போகிறதாம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவருடைய முகம் இருண்டது.

"நீளட்டும். இன்னும் எத்தினை பிள்ளையள் அதில ஏறப்போகுதுகளோ" என்றார். அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

நேற்று பூதவுடலை எடுக்கும் வேளையில் ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். இராகுகாலம் கழியட்டும் என்றார். சரோ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இல்லை ஐயா, இப்பவே எடுங்கோ. இவர் நல்ல நேரம் பாத்து ஒருத்தனை அனுப்பினது போதும்."

அப்போதே தூக்கினோம்.

போய் வாருங்கள், அண்ணை. போகிற இடத்தில் குகனை நீங்கள் காணக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.